சொட்டும் நீராவிக் குழாயும் வீண்விரயமும்

எஸ்பிரெசோ காபி இயந்திரம் இன்று நம் வீடுகள் சிலவற்றில் இடம்பிடித்துவிட்டது. பால் நுரைக்க உதவும் அதன் நீராவிக் குழாய் சில ஆண்டுகளில் சொட்டத் தொடங்கும். உடனே, "இது பழையதாகிவிட்டது, வேறு வாங்கிவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. இம்முடிவு பெரும்பாலும் அவசர முடிவு என்பதே என் கருத்து. பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருளை முடக்கிப் போடுவது பெரும்பாலும் ஒரு சிறு ரப்பர் வளையமே.

முதலில் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். நீராவியை நிறுத்தியதும் நுனியிலிருந்து விழும் சில துளிகள், குழாய்க்குள் குளிர்ந்து நீரான ஆவியே, அது பழுதன்று. குமிழை மூடிய பின்னரும் நுனியில் இடைவிடாது சொட்டினால், வால்வின் அடைப்பு தேய்ந்திருக்கலாம். அல்லது அதன் இருக்கையில் உப்புப் படிந்திருக்கலாம். குழாய் திரும்பும் மூட்டிலோ குமிழின் தண்டிலோ நீர் கசிந்தால், அங்குள்ள ஓ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சொட்டுகிறதே என்று குமிழை மேலும் மேலும் இறுக்குவோர் உண்டு. அதனால் வால்வின் இருக்கை நசுங்கிப் பழுது பெரிதாகும்.

குமிழைத் திருகி நீராவி திறக்கும் எளிய வகை இயந்திரங்களில் இவ்வேலை கடினமானதன்று. மின்இணைப்பைப் பிடுங்கி, இயந்திரம் முழுவதும் ஆறிய பின், குமிழைத் திறந்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். பிறகு பழைய வளையத்தைக் கழற்றி, அதே அளவில், வெப்பம் தாங்கும், உணவுப் பயன்பாட்டுக்கு உகந்த வளையத்தைப் பொருத்த வேண்டும். உப்புப் படிவே காரணமென்றால், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் உப்பு நீக்கியே போதும்.

"ஆபத்தில்லையா?" என்று கேட்பது நியாயமே. வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதலான அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். அது கையில் பட்டால் கடுமையாகச் சுடும். எனவே கொதிகலனையோ மின்கம்பிகளையோ தொட வேண்டிய பழுதை, தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவு. பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலி வீணன்று. அது ஒரு குடும்பத்தின் உணவாகிறது. நல்ல பொருளைக் குப்பையில் எறிவதே வீண்.

வீண்விரயம் என்றதும் விருந்தில் மீந்த சோற்றை மட்டுமே நாம் நினைக்கிறோம். இரும்பும் பித்தளையும் செம்பும் மண்ணிலிருந்து தோண்டி, உருக்கி, பலருடைய உழைப்பால் நம் வீடு சேர்ந்தவை. அவற்றைப் பத்து ரூபாய்ப் பொருளுக்காகத் தூக்கி எறிவதும் விரயமே. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். பழுதுபார்ப்பதை இழிவாகக் கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

குற்றம் முழுவதும் வாங்குவோருடையதன்று. உதிரிபாகம் கிடைக்காமலும், திறக்கவே முடியாமலும் செய்யப்படும் பொருள்கள் சந்தையில் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டவிதியை இயற்றியது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைப்பேசி முதலியவை அதன் பட்டியலில் உள்ளன. காபி இயந்திரம் இல்லை. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கும் முன்பே, "ஓ ரிங்கும் வால்வும் தனியாகக் கிடைக்குமா? இவ்வூரில் பழுதுபார்ப்பவர் உண்டா?" என்று கடைக்காரரிடம் கேட்போம். பலரும் கேட்கத் தொடங்கினால் விற்பவரும் பதில் தேட வேண்டியிருக்கும்.

வாங்கிய பின் கடமை எளிது. பால் நுரைத்ததும் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி நீராவியைத் திறந்துவிட்டால், உள்ளே பால் உறையாது. குமிழை மெதுவாக மூடினால் அடைப்பு நெடுநாள் உழைக்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பொருளைப் பேணத் தெரிந்த பிள்ளைக்குப் பணத்தைப் பேணவும் தெரியும்.