படிப்பை நிறுத்திவிடுவார்களோ?



யோங் பெங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பெண் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் மண்டோர் விசாரிக்கிறார். மாரியம்மன் கோயிலில் பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை நடக்கிறது. செம்பனைக் குலை வெட்டியும் உதிரிப் பழம் பொறுக்கியும் சேர்த்த பணத்தில் பெட்டி, வாளி, போர்வை எல்லாம் வாங்கியாகிறது. பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமானால் பக்கம்தான். ஸ்கூடாய் என்றால் சற்றுத் தூரம். வடக்கே என்றால் இரவு பஸ். பிள்ளையை ஏற்றிவிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா சொல்கிறாள்: "பார்த்து நடந்துக்கோ தாயி. நம்ம பேரைக் கெடுத்துடாதே."

அன்பால் வரும் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? 'எனக்கு எது நடந்தாலும் கெட்டுப்போவது நம் வீட்டுப் பேர்' என்றுதான் விழுகிறது. பிறகு உண்மையாகவே ஒருவன் அவளிடம் கைவரிசை காட்டினால், முதலில் அவளுக்கு நினைவு வருவது போலீசும் அல்ல, விரிவுரையாளரும் அல்ல. 'வீட்டில் சொன்னால் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழைத்துப் போய்விடுவார், படிப்பு அத்தோடு சரி' என்பதுதான். வாயை மூடிக்கொள்கிறாள். கெடுதல் செய்தவனுக்கும் இது நன்றாகத் தெரியும். "உன் வீட்டுக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுகிறானே, அந்தத் துணிச்சலை அவனுக்குக் கொடுத்தது யார்? யோசித்துப் பாருங்கள்.

தமிழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு, வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவியை வெளியாள் ஒருவன் பலாத்காரம் செய்தான். உடனிருந்த மாணவரை அடித்து விரட்டினான். கைப்பேசியில் படம் எடுத்திருப்பதாக மிரட்டினான். வழக்கம்போல, இவள் சொல்லமாட்டாள் என்று கணக்குப் போட்டான். அந்தப் பெண்ணோ மறுநாளே புகார் செய்துவிட்டாள். இரண்டே நாளில் ஆளைப் பிடித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. அவளுடைய பெயரும் விவரமும் அடங்கிய போலீஸ் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது! சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று தலையிட்டது. மூன்று பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழு விசாரிக்க வேண்டும் என்றது. பெயர் கசிந்ததற்காக இடைக்கால நஷ்ட ஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அதோடு, அந்தப் பெண் படித்து முடிக்கும்வரை பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. ஐந்தே மாதத்தில், 2025 மே 28இல், சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2இல் ஆயுள் தண்டனை; 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும்.

இதில் என் மனத்தில் தைத்தது தண்டனை அல்ல, கட்டண உத்தரவுதான். நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் முடங்கினால் அவனுக்கு அது இரண்டாவது வெற்றி அல்லவா?

நம் லயங்களில் இன்னும் ஒரு பழமொழி சொல்கிறார்கள். முள்ளில் சேலை விழுந்தாலும், சேலையில் முள் விழுந்தாலும் கேடு சேலைக்குத்தானாம். எனக்கு இந்தப் பழமொழியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முள்ளை வெட்டு என்று அதில் ஒரு வார்த்தை உண்டா? எல்லாப் பழமொழியும் பெரியவர்கள் சொன்னதுதான் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெளியாள் மட்டும்தான் ஆபத்து என்றும் எண்ணிவிடாதீர்கள். பழகியவனாலேயே வருவதும் உண்டு. காதலிப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவள் கைப்பேசியின் ரகசிய எண்ணைக் கேட்பான். யாரோடு சாப்பிட்டாய், ஏன் உடனே பதில் போடவில்லை என்பான். பி.டி.பி.டி.என். கடன் பணம் வந்ததும் வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்வான். தோழிகளை ஒவ்வொருத்தியாக வெட்டிவிடுவான். பிரிய நினைத்தால் படத்தை வெளியிடுவேன் என்பான், அல்லது செத்துப்போவேன் என்பான். முதல் அறை விழுவதற்கு வெகு காலம் முன்பே இதெல்லாம் தொடங்கிவிடுகிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளை கைப்பேசி மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிடுகிறாளா? அதைக் கவனியுங்கள். "யாரடி அவன்?" என்று அதட்டினால் ஒன்றும் வராது. "உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டால் வரலாம்.

1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கும் குடும்பத்தாருக்கும்தான். மணமாகாத காதலன் அதற்குள் வரமாட்டான். ஆனால் அடித்தால், மிரட்டினால், மானபங்கம் செய்தால் குற்றவியல் சட்டம் இருக்கிறது. விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் 2023 மே 31 முதல் தனிக் குற்றம், 507ஏ பிரிவு. மூன்று ஆண்டுகள் வரை சிறை.

பாலியல் தொல்லைக்கு 2022ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. அதன் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச்சில் வேலையைத் தொடங்கியது. தோட்டத்து மக்களுக்கு இது மிகவும் தோதானது. பொதுவாக வக்கீல் வைக்க வேண்டியதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும், ஊர் கூடி வேடிக்கை பார்க்க முடியாது. விசாரணை தொடங்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது விதி. மன்னிப்புக் கேட்க வைக்கலாம், 2,50,000 வெள்ளி வரை நஷ்ட ஈடு கொடுக்க வைக்கலாம். விரிவுரையாளரானாலும் சரி, சக மாணவனானாலும் சரி.

பலாத்காரம் நடந்துவிட்டால் நேரம் முக்கியம். மனம் குளிக்கத்தான் சொல்லும். ஆனால் குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். துணியை மாற்றியிருந்தால் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இங்குள்ளவர்களுக்குப் பத்து பகாட் சுல்தானா நோரா இஸ்மாயில் ஆஸ்பத்திரியோ, குளுவாங் ஆஸ்பத்திரியோ கிட்டம். இத்தகையவர்களைத் தனி அறையில் வைத்துப் பார்க்கும் 'ஒன் ஸ்டாப்' நெருக்கடி மையம் என்ற ஏற்பாடு 1994இல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தொடங்கி, பிறகு மற்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது. கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் கொடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். போலீஸ் புகாரை அங்கிருந்தபடியே செய்யலாம். நாள் கடந்துவிட்டதே என்று புகார் செய்யாமலும் இருந்துவிடாதீர்கள். மிரட்டல் செய்திகளை வெறுப்பில் அழித்துவிட வேண்டாம், அவைதான் சாட்சி. இரவு பகல் எந்நேரமும் கூப்பிட 15999, தாலியான் காசே.

ஆண் பிள்ளைகளுக்கும் விடுதிகளில் இது நடக்கிறது. "ஆம்பளப் பிள்ளைதானே" என்று சிரித்துவிடுவதால் அவர்கள் இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே மன்றம், அதே தொலைபேசி எண்தான்.

பிள்ளை வந்து சொன்னால், "அந்நேரத்துக்கு அங்கே ஏன் போனே?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு. தப்பு உன் மேல இல்லே. படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று சொல்லுங்கள். கடைசியில் உள்ளதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அவள் கேட்கக் காத்திருப்பது அதைத்தான். முடிந்தால் எதுவும் நடக்கும் முன்பே, முதல் நாள் பஸ் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். சித்தப்பாவுக்கும் கோயில் தலைவருக்கும் தெரிய வேண்டுமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். நாலு பையன்களைத் திரட்டிக்கொண்டு அவனை உதைக்கக் கிளம்பும் அப்பாக்களையும் தடுத்து நிறுத்துங்கள். பிறகு போலீஸ் நிலையத்தில் கைகட்டி நிற்பது அப்பாவாகிவிடும்.

உடனே விடுதிக்குத் திரும்ப அவளுக்கு மனம் வரவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. விடுதி அறையை மாற்றிக் கொடுக்கும்படி மாணவர் விவகாரப் பிரிவில் எழுதிக் கேட்கலாம். ஒரு பருவத்தைத் தள்ளிவைக்கவும் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் இடம் போய்விடாது. தள்ளிவைத்தால் கல்விக் கடன் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டும் போலீஸ் புகாரின் நகலும் இருந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மூலப் பிரதிகள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.