பந்தலுக்கு எத்தனை வாயில்?

மாநாடு என்றதும், தோழர்களே, நம் கண்முன் முதலில் வந்து நிற்பது எது? பந்தல்! தலைவர் வருவது பிறகு. தீர்மானங்கள் அதற்கும் பிறகு. சவுக்குக் கம்பங்கள் நடப்பட்ட அன்றே ஊர் விழாக்கோலம் பூண்டுவிடுகிறது. கோட்டை போன்ற முகப்பு, விண்ணை மறைக்கும் துணி விதானம், வரிசை வரிசையாய் வண்ண விளக்குகள்! "ஐம்பதாயிரம் பேர் அமரும் மாபெரும் பந்தல்" என்று சுவரெங்கும் தீட்டி மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். அந்த ஐம்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியேற வேண்டி வந்தால் எத்தனை வாயில் உண்டு என்று எந்தச் சுவரிலாவது எழுதியிருக்கிறோமா?

நாடக மேடையிலே நிற்பவன் நான். மேடையின் முன்னே தெரியும் அழகையும் அறிவேன். பின்னே துணியும் மரமும் மின்கம்பியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அலங்கோலத்தையும் அறிவேன். ஆகவேதான் கேட்கிறேன்.

1995-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள். அரியானா மாநிலத்திலே டப்வாலி என்றோர் ஊர். பள்ளி ஆண்டு விழா. திருமண மண்டப வளாகத்திலே செயற்கை இழைத் துணியால் பந்தல். ஆடிப்பாடக் காத்திருந்த சிறுவர் சிறுமியர். பெற்ற செல்வங்களின் ஆட்டத்தைக் காண வந்த அன்னையர். தீப்பற்றியது. மேலே துணி உருகிச் சொட்டியது. கீழே கூட்டம் வாயிலைத் தேடி ஓடியது. வெளியேற இருந்ததோ ஒரே வழி! சில நிமிடங்களே சென்றன. நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களிலே பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும்.

வடக்கே நடந்தது, நமக்கென்ன என்பார் உளரோ? 1997 ஜூன் 7-ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கையொட்டி எழுப்பிய யாகசாலைக் கீற்றுப் பந்தல் எரிந்தது. தீயிலும் நெரிசலிலும் 48 பேர் மாண்டனர். 2004 ஜனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்துத் திருமண மண்டபம். மாடியிலே கீற்றுக் கொட்டகை. மாலை சூடிய மணமகன் உள்ளிட்டு 50-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஓரிடத்தில் பள்ளி, ஓரிடத்தில் கோயில், ஓரிடத்தில் திருமணம். நெருப்பு அழைப்பிதழைப் படித்துவிட்டு வருவதில்லை, தோழர்களே! அரசியல் மாநாடு என்று அது விலகிப் போகும் என்றும் எண்ணாதீர்கள்.

கீற்றை விட்டுத் துணிக்கு மாறிவிட்டோமே, இனி என்ன அச்சம் என்று கேட்கிறார்கள். கீற்று எரிந்தால் பொறி பறக்கும். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணி எரிந்தால் உருகிய குழம்பு தலையிலே விழும், உடலிலே ஒட்டும், உதறினாலும் போகாது. எது மேல்?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பந்தல்களுக்கென்றே ஐ.எஸ். 8758 என்ற எண்ணில் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. பெரிய இரகசியம் ஒன்றும் அதிலே இல்லை. செயற்கைத் துணி கூடாது. கூரை மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது. மின்கம்பிப் பாதையின் கீழே பந்தல் எழுப்பக் கூடாது. எவரும் 15 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒரு வாயிலை அடைந்திட வேண்டும். பருத்தித் துணியையும் கயிற்றையும் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்து உலர்த்த வேண்டும். அந்தக் கரைசல் எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்கிறீர்களோ? அதிலே சேரும் படிகாரமும் வெண்காரமும் நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலே கிடைப்பவை! மற்றவை அம்மோனிய உப்புகளும் போரிக் அமிலமும். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: மழை பெய்தால் உப்பு கரைந்து போகும், மறுபடி நனைத்தாக வேண்டும்.

இங்கேதான் நம் தோழர் ஒருவர் எழுந்து நிற்கிறார். "விதியாவது, விதித்தொகுப்பாவது! அனுமதி என்ற பெயரால் நம் கூட்டத்தைத் தடுக்க ஆள்வோர் செய்யும் சூழ்ச்சி!" என்கிறார். அவர் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. கடைசி நாள் வரை சான்று தராமல் இழுத்தடிப்பதும், ஆளுங்கட்சிப் பந்தலென்றால் அளவுநாடாவை மறந்துவிட்டு வருவதும் யாருக்குத் தெரியாது? அந்த அநீதியை எதிர்த்து முழங்குவோம். விதிகளைத் தமிழிலே அச்சிட்டு அளிக்கச் சொல்வோம். மனுவுக்கு இத்தனை நாளில் எழுத்திலே விடை என்று கெடு கேட்போம். அமைச்சர் பேசும் பந்தலுக்கும் அதே அளவுகோல் என்போம். ஆனால் அதிகாரி மீதுள்ள கோபத்தை, நம் பேச்சைக் கேட்கக் கைக்குழந்தையோடு வந்து தரையிலே அமர்ந்திருக்கும் தாயின் மீதா தீர்த்துக்கொள்வது? அவர் நம்மை நம்பி வந்தவர். அதிகாரியை நம்பி வந்தவரல்லர்.

இன்னொருவர் மெல்லச் சொல்கிறார்: "பந்தல் வேலை ஒப்பந்தக்காரருடையது. அவர் பொறுப்பு." அழகிய வாதம்! 2006 ஏப்ரல் 10-ஆம் நாள் மீரட் நகரின் விக்டோரியா பூங்காவில் நுகர்பொருள் கண்காட்சிப் பந்தல்கள் எரிந்து 65 பேர் இறந்தபோது, அமைப்பாளர்களும் இதே வாதத்தைத்தான் உச்ச நீதிமன்றம் வரை சுமந்து சென்றனர். 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக்காரரைக் காட்டித் தப்ப முடியாது என்றது நீதிமன்றம். இழப்பீட்டுப் பொறுப்பில் அமைப்பாளர்களுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு என்று வகுத்தது. பார்த்தும் பாராதிருந்த அரசும் தப்பவில்லை, அழைத்தவரும் தப்பவில்லை. கேட்க இனிக்கிறதா? தீ பிடித்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே 16 ஆண்டுகள்!

பந்தற்காரரை நான் அறிவேன். கம்பத்தின் உச்சியிலே கால் பின்னி நின்று கயிறு முடிபவர். "வாயிலை அடைத்து முகப்பு வையுங்கள், படத்துக்கு எடுப்பாக இருக்கும்" என்று அவரிடம் சொல்பவர் யார்? நாம்! விலை குறைந்த துணி போதும் என்று பேரம் பேசுபவர் யார்? நாமேதான்! எரிந்தபின் அந்த ஏழைத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிவிட்டுச் சமதர்மம் பேச எந்த நாக்கு எழும்?

ஆகவே, அடுத்த மாவட்ட மாநாட்டுக்குக் கால்கோள் விழா நடத்தும் தோழர்கள், கம்பம் நடும் முன்பே வாயில்களைக் குறித்து விடுங்கள். அந்த இடத்திலே நாற்காலியோ பதாகையோ, வட்டச் செயலாளரின் காரோ நிற்கக் கூடாது. வாயிலுக்கு இருவர் வீதம் தொண்டர் படை. அவர்கள் மேடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். சமையற் கொட்டகையும் ஜெனரேட்டரும் பந்தலை விட்டு எட்ட நிற்கட்டும். தண்ணீர்ப் பீப்பாயும் மணல் வாளியும் கைக்கு எட்டும் இடத்திலே இருக்கட்டும்.

மாநாட்டு வரவு செலவுக் கணக்குகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். முகப்பு வளைவுக்கு ஒரு வரி, மாலைக்கு ஒரு வரி, பட்டாசுக்குக் கூட ஒரு வரி. இம்முறை பட்டாசு வரியை அடித்துவிட்டு, அந்தத் தொகையைத் துணி நனைக்கும் கரைசலுக்கு எழுதி அனுப்புங்கள்.