கேமராவை அணைத்த பிள்ளை

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும் வகுப்பறை கைப்பேசிக்குள் போனது. பல வீடுகளில் இருந்ததே ஒரு கைப்பேசிதான். அதுவும் அப்பா வேலைக்குக் கிளம்பினால் கூடவே போய்விடும். கிடைத்த நேரத்தில் வகுப்புக்குள் வந்த பிள்ளையிடம் 'கேமராவைப் போடு' என்றார்கள். ஒற்றை அறை, அடுப்படியில் அம்மா, பக்கத்தில் அழும் தம்பி. வீட்டைக் காட்டக் கூசிய பிள்ளைக்குச் 'சோம்பேறி' என்று பெயர் கிடைத்தது. பழியை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டவும் மனம் வரவில்லை. பாடத்தை முடித்தாரா என்று அவரைக் கேட்க ஆள் இருந்தது, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்க யாருமில்லை. பிறகு, 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவுக்கே போனார்கள். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வரத் தொடங்கியது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட பிறகு, வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பது கொடுமை. ஆசிரியர்களே, இணைய வகுப்பில் கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். பாடத்தைப் பதிவுசெய்து அனுப்பி வையுங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்; வருகையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் சாப்பிட்டதா என்று கேளுங்கள்.