ஆய்வுக்கூடத்தில் தமிழுக்கு இடமில்லையா?

புதுவை நெல்லித்தோப்பில் எம் தெருவில் வாழும் இளைஞன் ஒருவன் முதுநிலை வேதியியல் பயில்கின்றான். கருவிவழிப் பகுப்பாய்வுத் தாளுக்காக அவன் இரவெல்லாம் நெட்டுருச் செய்யும் ஒலி எம் திண்ணைவரை கேட்கும். ஒருநாள் அவனை அழைத்து, "தம்பி, மயில்துத்தக் கரைசல் நீலமாய்த் தோன்றுகின்றதே, அஃது எந்நிற ஒளியை விழுங்குகின்றது?" என வினவினேன். "நீலத்தை, ஐயா" என்றான். ஒளியுறிஞ்சல் நெறியையும் அதன் சமன்பாட்டையும் ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் பிழையாது ஒப்புவித்த அதே வாய்தான் இவ்விடையையும் கூறிற்று!

கரைசல் சிவந்த ஒளியை விழுங்கி, எஞ்சியதையே நம் கண்ணுக்கு விடுகின்றது. விழுங்கிய அளவைக் கொண்டே துத்தத்தின் செறிவைக் கருவி கணக்கிடுகின்றது என்று தமிழில் எடுத்துரைத்தேன். (தமிழாசிரியனாகிய யான் இதனை அறிந்தது தமிழ் வேதியியல் நூலொன்றைப் படித்தே.) "இவ்வளவுதானா, ஐயா?" என்று வியந்தான். இவ்வளவுதான்! இதனை அவனிடமிருந்து இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்தது எது? அவன் மூளையா? அன்று, அவன்மேல் சுமத்தப்பெற்ற அயன்மொழி.

தமிழில் சொல்லில்லை என்பார் பொய்யுரைக்கின்றனர். நிறமாலை, அலைநீளம், உட்கவர்தல், நிறப்பிரிகை, மின்பகுப்பு என்பன யாவும் வழக்கில் உள்ளவையே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான கிறீன், 1875-இலேயே வேதியியலைத் தமிழ்நூலாக வெளிவரச் செய்தார். 'கெமிஸ்தம்' என்று அதற்கிட்ட பெயர் நமக்கு உவப்பன்று. ஆயினும் அவ்வயலவர்க்கிருந்த துணிவில் ஒரு கூறேனும் நம் பேராசிரியர்க்கு உண்டா? தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென அச்சிட்ட தமிழ் அறிவியல் நூல்களைப் புரட்டியேனும் பார்த்தனரா?

நம்மை ஆண்ட பிரான்சியரைப் பாருங்கள். வேதிப்பொருள்களுக்கு ஒழுங்குறப் பெயரிடும் முறையை இலவாசியேயும் தோழர் மூவரும் 1787-இல் பிரெஞ்சிலேயே வெளியிட்டனர். செருமானியரோ அப்பெயர்களையும் அப்படியே ஏற்றாரல்லர். உயிர்வளியைப் 'புளிப்புப்பொருள்' எனப் பொருள்தரும் தம் சொல்லாலேயே இன்றும் அழைக்கின்றனர். அம்மொழியில் எண்ணிய புன்செனும் கிர்க்காஃபும் நிறமாலைக் கருவிகொண்டு 1860-இல் புதுத் தனிமம் கண்டனர். புதுவையிலோ, 1954-இல் பிரான்சியர் ஆட்சி அகன்றபின் அவர்மொழி இருந்த இருக்கையில் தமிழ் அமரவில்லை, ஆங்கிலம் வந்தமர்ந்தது. 1985-இல் காலாப்பட்டில் எழுந்த நடுவணரசின் பல்கலைக்கழகத்திலும் வேதியியற் பாடம் ஆங்கிலத்திலேதான்.

"ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் உள்ளனவே, தமிழில் கற்றவன் எங்ஙனம் படிப்பான்?" என்பர். ஆங்கிலத்தையும் கற்றுப் படிக்கட்டும், யார் தடுத்தார்? சப்பானியர் கோயிச்சி தனாக்கா தம் தாய்மொழியில் பொறியியல் இளநிலைப் பட்டம் பெற்றவர். முனைவர் பட்டமும் இல்லாதவர். பகுப்பாய்வுக் கருவி செய்யும் நிறுவனமொன்றின் பணியாளர். பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் மின்னூட்டி நிறையளக்கும் வழிகண்டமைக்காக 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தாய்மொழி அவர் காலைக் கட்டிற்றா?

நாம் இன்று கேட்பன சிறியனவே. ஆய்வுக் குறிப்பேட்டைத் தமிழிலும் எழுத இசைவு வேண்டும். வாய்மொழித் தேர்வில் தமிழில் விடை கூறுவோனை எள்ளலாகாது. கருவியருகே தமிழ் விளக்கத் தாளொன்று ஒட்டப்பெறல் வேண்டும். இவற்றுக்கு எந்த அரசும் பொருளில்லை என்று கைவிரிக்க இயலாது.

அவ்விளைஞன் இப்போது தன் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் தமிழில் எழுதி வருகின்றான். ஆசிரியர்க்குக் காட்டுவது வலப்பக்கத்தை மட்டுமே.