உச்சுக் கொட்டாதீர்கள்!

எழுபது வயதுப் பெண்மணி, காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவைச் சுற்றுகிறார் என்றால் உடனே உச்சுக் கொட்டுவீர்கள். 'ஐயோ பாவம், பிள்ளைங்க துரத்திட்டாங்களோ?'

யாரும் துரத்தவில்லை சார். 'கிரே நோமாட்' என்று அங்கே இவர்களுக்குப் பெயரே உண்டு. நரைத்த நாடோடிகள்! நாட்டைச் சுற்றிவரும் ஒண்ணாம் நம்பர் நெடுஞ்சாலை சுமார் 14,500 கிலோமீட்டர். மேற்கே ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. பகலெல்லாம் தனிமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் முகாமுக்கு வந்து பாருங்கள். மடக்கு நாற்காலியை வெளியே போட்டால் போதும். பக்கத்து வண்டிக்காரர் தன் நாற்காலி, தன் பீர், தன் கொறிக்கிற அயிட்டத்தோடு ஆஜர். எந்த ரோடு மோசம், எங்கே தண்ணி பிடிக்கலாம், கக்கூஸ் டப்பாவை எங்கே காலி பண்ணலாம்... பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். கேரவனை ரிவர்ஸ் எடுக்கத் திணறினால் நாலு பேர் ஓடிவந்து கை காட்டுவார்கள். (நாலும் நாலு திசையில் என்பது வேறு விஷயம்.) உங்க அபார்ட்மென்ட்டில் எதிர் ஃப்ளாட்காரர் பேர் தெரியுமா உங்களுக்கு?

நிஜமான அநியாயம் வேறு. பல கேரவன் பார்க்குகளில் வாடகை இரண்டு பேர் கணக்கு. ஒண்டியாகப் போனாலும் அதே துட்டு. உச்சுக் கொட்டியே தீரணும்னா, இதுக்குக் கொட்டுங்க.