தராசில் ஏறாத புற்றுநோய்

‘தகுதி, திறமை’ பேசுகிறவர்கள் கையில் இப்போது புதிய தராசு ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் மதிப்பெண்ணைக் காட்டி இடஒதுக்கீட்டை எதிர்த்தார்கள். இன்று பேராசிரியர் நியமனம் என்றால் “ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?” என்கிறார்கள். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 20. ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு இது. அது இன்று ஆளின் தரத்தையே அளக்கும் கோலாகிவிட்டது.

இந்தத் தராசு எதை நிறுக்கிறது, எதை நழுவ விடுகிறது என்று தெரிய சிதம்பரத்தைப் பார்த்தால் போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் பேராசிரியராகப் பணியாற்றிய எஸ். நாகினி, வாய்ப் புற்றுநோய் குறித்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் கன்னப்பையில் டி.எம்.பி.ஏ. என்ற நச்சு வேதிப்பொருளைத் தடவிப் புற்றை உண்டாக்கி, வேப்பிலைச் சாறும் வேம்பிலிருந்து பிரித்த நிம்போலைடும் அதைத் தடுக்கின்றனவா என்று சோதித்தது அவருடைய குழு. வாரத்துக்கு மூன்று முறை, 14 வாரம் தடவ வேண்டும். வேப்பிலை குறித்த அவர்களுடைய கட்டுரை ஒன்று 1999இல் ‘ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி’யில் வந்தது. ஆசிரியர்கள் ஐந்து பேர். நாகினியின் பெயர் கடைசியில் இருக்கிறது. ஆய்வை வழிநடத்தியவரின் பெயரைக் கடைசியில் போடுவது இத்துறை வழக்கம்.

ஆனால் அவர் எழுதியவற்றில் உலகம் அதிகம் மேற்கோள் காட்டுபவற்றுள் ஒன்று, 2012இல் அவர் தனியாக எழுதிய இரைப்பைப் புற்றுநோய் பற்றிய மீளாய்வுக் கட்டுரை. மீளாய்வு என்பது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவது. அது பயனுள்ள வேலைதான், குறை சொல்லவில்லை. முன்னுரை எழுதுகிற எல்லோருக்கும் அப்படி ஒரு கட்டுரை தேவைப்படுகிறது, அதனால் மேற்கோள் குவிகிறது. ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் எலிக்குத் தீனி வைத்து, கட்டியை அளந்து குறித்த வேலைக்கு அந்த அளவு எண் சேர்வது அரிது. அந்த வேலையைச் செய்கிற முனைவர் பட்ட மாணவர்கள் யார்? அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற வந்தவர்கள். உதவித்தொகை தாமதமானாலும் எலிக்கு மருந்து தடவும் நாள் தவறக்கூடாது. அந்த உழைப்புக்கு எந்தத் தராசிலும் தட்டு இல்லை.

நோய் யாருடையது என்பதும் தராசுக்குத் தெரியாது. 2020ஆம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி, உலகில் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம் பேர். அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 36 ஆயிரம். பசியையும் களைப்பையும் அடக்கப் புகையிலை போட்டு வேலை செய்யும் உழைக்கும் மக்களின் நோய் இது. வாய்ப் புற்றுநோயைச் சிதம்பரத்தில் உட்கார்ந்து ஆராய்வதற்குத் தனி மதிப்பு உண்டு. அதை ஹெச்-இண்டெக்ஸ் காட்டாது.

இன்னும் கொஞ்சம் வடக்கே, கடலூர் சிப்காட்டுக்கு வாருங்கள். ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்களின் மக்கள் ஆலைகளின் நாற்றத்தோடு வாழ்கிறார்கள். 2004 முதல் அவர்களே காற்றைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். என்ன நாற்றம், எந்த நேரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நோட்டில் குறித்தார்கள்; வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பின்னர் நாகபுரியின் நீரி நிறுவனமும் ஆய்வு செய்தது. அங்கே வாழ்கிறவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று அதன் அறிக்கை சொன்னதாக 2008இல் செய்திகள் வந்தன. காற்றில் இருந்த நச்சின் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. நோயாளிகளை எண்ணிச் சொன்னது அல்ல. எண்ணுவது அடுத்த வேலை. வீடு வீடாகப் போய் 20, 30 ஆண்டு தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலை. பெரிய பத்திரிகையில் கட்டுரையாகச் சீக்கிரம் வராது, மேற்கோளும் குவியாது. பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்க்க வேண்டிய இளம் ஆசிரியர் அதைத் தொடுவாரா? 2010இல் யு.ஜி.சி. கொண்டுவந்த ஏ.பி.ஐ. மதிப்பெண் முறையே ஆசிரியர்களைப் புள்ளி பொறுக்கப் பழக்கிவிட்டது.

உடனே நம்மிலும் சிலர், “அப்படியானால் அளவுகோலே வேண்டாமா?” என்பார்கள். அளவுகோல் இல்லாத இடத்தில் நேர்முகத் தேர்வு நடத்துகிறவரின் சாதி வேலை செய்யும். அது நமக்குத் தெரியாததா? ஆகவே எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எண்ணைப் பார்ப்பவர்கள் கட்டுரையையும் படிக்கட்டும். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா அறிக்கை கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். இடஒதுக்கீட்டு இடத்தை “தகுதியானவர் இல்லை” என்று காலியாக விடுகிறவர்கள், எந்த எண்ணை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்று எழுத்தில் தரட்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்றது. அதன் மருத்துவக் கல்லூரி இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் உயிர்வேதியியல் துறையும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சிப்காட் ஊர்கள் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. அந்த ஊர்களில் புற்றுநோய்க் கணக்கெடுப்பை இந்த இரண்டும் சேர்ந்து தொடங்க வேண்டும். அதில் வேலை செய்யும் ஆய்வாளருக்குப் பதவி உயர்வில் உரிய புள்ளி தர வேண்டும். வாளியில் காற்றைப் பிடித்த மக்களின் பெயர்களை அந்தக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் போட வேண்டும்.