தீயே சுடாத அரக்கர்கள்
தீப்பந்து அரக்கன் மேல் சரியாகத்தான் விழுகிறது. அவன் உயிரோ துளியும் குறைவதில்லை. உடனே கேமில் கோளாறு என்று திட்டுமுன், அவன் பெயருக்குக் கீழே பாருங்கள்: நெருப்பு அவனைத் தாக்காது என்று எழுதியிருக்கும். 2000-இல் வந்த ‘டயாப்லோ 2’வின் ‘ஹெல்’ நிலையில், தீ எதிர்ப்பு 100 சதவீதத்தை எட்டிய அரக்கர்களை நெருப்பு அண்டாது. தாக்குதலின் வலிமையை எவ்வளவு கூட்டினாலும் பலன் பூஜ்யமே. எதிர்ப்பைக் குறைக்கும் சாபமும் அவர்களிடம் ஐந்தில் ஒரு பங்குதான் பலிக்கும். எதிரிக்கு ஏற்ப ஆயுதம் மாற்றச் சொல்வது நியாயம். ஆனால், நெருப்பையே நம்பி வளர்த்த சூனியக்காரிப் பாத்திரத்தை அடியோடு முடக்குவது, கையைக் கட்டிவிட்டுச் சண்டைக்கு இழுப்பதுபோல. 2022-இல், கேமின் புதுப்பித்த பதிப்பில், அந்த அரக்கர்களின் எதிர்ப்பை 95 சதவீதமாக இறக்கும் தாயத்துகள் வந்தன. வைத்திருப்பவரின் எதிர்ப்பையும் அவை குறைப்பதால் சவாலும் போகவில்லை. தாமதமானாலும் சரியான திருத்தம்.